வெள்ளவத்தையின் வெள்ளிக்கிழமை எலும்புகள்

சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்ததும் கட்டுநாயக்க விமான நிலையச் சுங்க அதிகாரி முதலில் பார்த்தது கருவியை அல்ல, அதைச் சுற்றியிருந்த கறுப்பு நுரைமெத்தையை. கருவியின் வடிவத்துக்கு அச்சாக வெட்டிய பள்ளம் அது. விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, கேமராவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். காலில் வெளிச்சம் பாய்ச்சி எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கருவி என்றேன். அவர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். வந்தவர் கால்சட்டையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். மூவரும் சிரித்தோம். முத்திரை விழுந்தது.

நான் பட்டியல் போடுகிறவள். இந்தப் பயணத்துக்கான பட்டியல் கோயம்புத்தூரிலேயே இரண்டு பக்கத்தைத் தாண்டியிருந்தது. உதிரிக் கண்ணாடியிழை, கறுப்புத் துணி, ஸ்பிரிட், பஞ்சு, கடற்காற்று ஈரத்துக்குச் சிலிக்கா பொட்டலங்கள், கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லை. கொழும்பில் கால் வைக்கும்போது எனக்குப் பயமே இல்லை. எல்லாம் எழுதியாகிவிட்டது என்ற தைரியம்.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எலும்பின் உறுதியைப் பொதுவாக எக்ஸ்ரே மூலம் அடர்த்தி அளந்து மதிப்பிடுகிறார்கள். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும். எங்கள் கருவி டிபன் கேரியர் அளவுதான். முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தில், எலும்பு தோலை ஒட்டியே இருக்கிறது. அங்கே கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் சிவப்பு லேசர் ஒளியை விடுகிறோம். திரும்பி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். அந்த மாற்றத்தை வரைபடமாக்கினால் எலும்பிலுள்ள தாதுச்சத்து ஓர் இடத்திலும், அதைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் இன்னோர் இடத்திலும் முகடுகளாக எழும். இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் எங்களுக்கு வேண்டியது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை.

கொழும்பில் ஓர் எலும்பு மருத்துவர் இதைக் கேள்விப்பட்டு, கொண்டு வந்து காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். அவரிடம் அண்மையில் எக்ஸ்ரே அடர்த்தி பார்த்துக்கொண்ட பெண்கள் சிலர் சம்மதித்திருந்தார்கள். வியாழக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு குழு, வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு குழு. எக்ஸ்ரே முடிவுகளை நான் பார்க்கக் கூடாது. உறுதியான எலும்பிலிருந்து பலவீனமான எலும்பு வரை என் ஒளி சொல்லும் வரிசையை நான் தர வேண்டும், அவர் தன் வரிசையோடு வைத்துப் பார்ப்பார். பொருந்தினால் கருவி கொழும்பிலேயே தங்கிப் பெரிய ஆய்வுக்குப் போகும். பொருந்தாவிட்டால் அதே பெட்டியில் என்னோடு திரும்பும். மூன்று வருட வேலை அந்தப் பள்ளத்துக்குள் படுத்திருந்தது.

நான் தங்கியது வெள்ளவத்தையில், தர்ஷினியின் வீட்டில். தர்ஷினி உடற்பயிற்சி சிகிச்சையாளர், அந்த மருத்துவரோடு வேலை செய்கிறவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கடலைப் பார்த்த அடுக்குமாடியில் நாலாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு ஏறினோம். மேலே கதவைத் திறந்தவர் அவளுடைய அம்மா, மங்களம் அன்ரி. "மெசினைக் கவனமா வையுங்கோ பிள்ளை, நீங்கள் பிறகு இருக்கலாம்" என்று நாற்காலியைக் காட்டினார்.

அன்றிரவுச் சாப்பாடு பிட்டு, கத்தரிக்காய்க் கறி, கட்டைச் சம்பல். எங்கள் ஊரில் புட்டு என்றால் சர்க்கரையும் வாழைப்பழமும். இங்கே அதைக் கறியோடு பிசைந்து சாப்பிடுகிறார்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். அன்ரி பரிமாறியதெல்லாம் இடது கையால். அதை நான் பார்ப்பதைப் பார்த்தவர், வலது மணிக்கட்டைக் காட்டினார். போன வருடம் முறிந்ததாம்.

"குளியலறையில வழுக்கி விழுந்தவ" என்றாள் தர்ஷினி.

"விழேல்லை. கதவைப் பிடிச்சனான், கை மடிஞ்சது. விழேல்லை எண்டு எத்தினைதரம் சொல்லுறது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எக்ஸ்ரே நல்லா இருக்காம் பிள்ளை. நல்லா இருந்தா ஏன் முறிஞ்சது?"

அந்த எக்ஸ்ரே விஷயம் என் காதில் விழுந்திருக்கக் கூடாது. அன்ரியும் வெள்ளிக்கிழமைக் குழுவில் ஒருவர். பேச்சை மாற்றுவதற்காக, கருவி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். தாதுச்சத்து, புரதம், விகிதம். அன்ரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிட்டு மாவுக்கு எவ்வளவு தேங்காய்ப்பூ விழுந்திருக்கு எண்டு பாக்கிற மெசின், அதுதானே" என்றார். மூன்று வருடத்தில் எந்தக் கருத்தரங்கிலும் இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

வியாழக்கிழமை காலை கொட்டாஞ்சேனைக்கு நிஸாம் நானாவின் ஓட்டோவில் போனோம். பெட்டி என் மடியில். எங்கள் ஊர் ஆட்டோக்காரர்கள் பள்ளத்தைக் கண்டால் வேகத்தைக் கூட்டுவார்கள். நிஸாம் நானா மடியிலிருப்பது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் "பள்ளம் வருது தங்கச்சி" என்று அறிவித்துவிட்டுத்தான் இறக்கினார். நெரிசலைத் தவிர்க்கப் புதுக்கடை வழியாகத் திருப்பினார். நீதிமன்ற வாசலில், கறுப்புக் கோட்டுக்காரர்களுக்கு நடுவே, பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. அவர் சக்கரம் மாற்றும்வரை ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எந்த வழக்குக்கான சாட்சிப் பொருள் இது என்று கேட்கிறார் என்றாள் தர்ஷினி.

கொட்டாஞ்சேனையில் தேவாலயத்தை ஒட்டிய சிறு மண்டபம். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினோம். வெளிச்சம் உள்ளே வந்தால் என் சின்ன ஒளி அதில் மூழ்கிவிடும். காலைப் பூசை முடிந்து நேராக வந்த பெண்கள் வரிசையாக நாற்காலியில் அமர்ந்து, ஒவ்வொருவராகக் காலைத் தலையணைமேல் நீட்டினார்கள். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, பிறகு கருவியின் முனையைப் பதித்து, அசையாமல் சில நிமிடம். எங்கள் ஆய்வகத்தில் எழுதி வைத்த முறை அதுதான். ஸ்டெல்லா என்றொரு அக்கா, வெளிச்சத்துக்கு எலும்பு மட்டும்தான் தெரியுமா, மனதில் இருப்பதும் தெரியுமா என்று கேட்டார். எலும்பு மட்டும்தான் என்றேன். "அப்ப பிரச்சினையில்லை, போடுங்கோ" என்றார்.

மாலையில் என் வரிசையை மருத்துவரிடம் கொடுத்தேன். மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். தன் தாளைப் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். ஓர் இடத்தில் மட்டும் இரண்டு பேர் மேல்கீழாக மாறியிருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே. "நாளைக்கும் இப்பிடி வந்தா யோசிக்கலாம்" என்றார். நான் படியிறங்கவில்லை, பறந்தேன். தெருமுனைக் கடையில் மீன் அடைத்த பணிஸ் ரொட்டியும் பால் விடாத பிளேன்டீயும் வாங்கித் தர்ஷினிக்கு விருந்து வைத்தேன். அந்தப் பணிஸின் உறைப்பு காதுவரை ஏறியது. சந்தோஷத்தில் இன்னொன்று சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளவத்தைக் குழு. இடம் தர்ஷினியின் வீட்டுக் கூடம். ஏழு பேர், அன்ரியையும் சேர்த்து. அவர்கள் நாலு மாடி ஏறி வந்து நின்ற காட்சியை இப்போதும் மறக்க முடியவில்லை. ஈரம் காயாத கூந்தலின் நுனியில் முடிச்சு, அதில் ஒரு துண்டு மல்லிகைச் சரம், நெற்றியில் திருநீறு, பளபளக்கும் முகங்கள். இங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போவதாகச் சொன்னார்கள். வெள்ளவத்தைப் பெண்கள் மினுமினுக்கிறார்கள் என்று அம்மாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். படித்தவள் செய்த காரியம். கண்ணால் பார்த்தேன், கையால் எழுதினேன், மூளைக்குப் போகவில்லை.

கூடத்தை இருட்டாக்கியதும் சிரிப்புத் தொடங்கியது. ராணி அக்கா என்பவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இருட்டுக்குள்ள காலைக் காட்டச் சொல்லுறாள். என்ரை மனுசன் பெண் பாக்க வரேக்குள்ளகூட இப்பிடிக் கேக்கேல்லை" என்றார். அன்ரி, "அந்தாள் கேட்டிருந்தா நீ காட்டியிருப்பாய்" என்றார். இருட்டு முழுக்கக் குலுங்கியது. கருவியும் குலுங்கியது. மறுபடி முதலிலிருந்து.

சிரிப்புப் போதாதென்று ரயில். வெள்ளவத்தையில் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடுகிறது, அடுக்குமாடி அதை ஒட்டி நிற்கிறது. ஒவ்வொரு ரயிலுக்கும் தரை நடுங்கும், என் கோடுகளும் நடுங்கும். என் பட்டியலில் மழை இருந்தது, மின்தடை இருந்தது, ரயில் இல்லை. அதற்கும் அவர்களே வழி வைத்திருந்தார்கள். தண்டவாளச் சத்தத்தை எனக்கு வெகு முன்பே கேட்டு, "வருது, நிப்பாட்டுங்கோ" என்று சொல்லிவிடுவார்கள். ரயில் போனதும் தொடர்வோம். கடல், ரயில், இருட்டில் ஏழு பெண்கள், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. இதைவிட நல்ல ஆய்வகம் எனக்குக் கிடைத்ததில்லை.

முடிவுகள்தான் மோசம். ஏழு பேருக்கும் தாதுச்சத்து அடிமட்டம். கொட்டாஞ்சேனையின் மிகப் பலவீனமான எலும்புகூட இவர்கள் எல்லோருக்கும் மேலே நின்றது.

மதியம் மருத்துவர் வந்தார். நாலு மாடி ஏறிய மூச்சிரைப்போடு என் தாளைப் பார்த்தார், தன் தாளைப் பார்த்தார். என் வரிசைக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை.

"தங்கச்சி, உங்கட மெசின் சொல்லுறபடி பாத்தா இவை ஏழு பேரும் எழும்பி நடக்கக்கூட ஏலாத ஆக்கள். இவை நாலு மாடி ஏறி வந்தவை. எனக்குத்தான் மூச்சு வாங்குது."

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வியாழக்கிழமை சரியாக வந்தது தற்செயலாக இருக்கலாம் என்றார். நாளை மதியம் வரை கொட்டாஞ்சேனையில் இருப்பேன், காரணம் கிடைத்தால் வாருங்கள், கிடைக்காவிட்டால் பத்திரமாகக் கொண்டு போய்ச் சேருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நான் செய்யத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். சந்தேகப் பட்டியல் போட்டேன். புதுக்கடையில் பட்ட குலுக்கலில் லென்ஸ் நகர்ந்திருக்கலாம். உப்புக்காற்று. கண்ணாடியிழையில் மடிப்பு. லேசரின் சூடு. ஒவ்வொன்றாகச் சோதித்து ஒவ்வொன்றாக அடித்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லையை வைத்துப் பார்த்தால் கருவி கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிய நாள் போலவே வேலை செய்தது. பழுது கருவியில் இல்லை. அப்படியானால் வெள்ளவத்தையில்.

விகித எண்களை மூடிவிட்டு மூல வரைபடங்களைத் திறந்தேன். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும். வியாழக்கிழமைக் கோடுகளில் புரதத்தின் முகடு சிறு மேடாக இருந்தது. வெள்ளிக்கிழமைக் கோடுகளில் அதே இடத்தில் ஒரு கோபுரம். பக்கத்தில் இன்னொரு கூர்மையான முகடு. அந்த ஜோடியை எனக்குத் தெரியும். முதுகலை முதலாண்டில் செய்முறை வகுப்பில் முதன்முதலில் வரைந்த கோடு அது. கடையில் வாங்கிய எண்ணெயில் கலப்படம் இருக்கிறதா என்று பார்க்கும் பயிற்சி.

கால்களை வைத்த தலையணையை எடுத்து முகர்ந்தேன். நல்லெண்ணெய்.

"அன்ரி, இன்னைக்குக் காலுக்கு எண்ணெய் தேச்சீங்களா?" என்று சமையலறைக்குள் போய்க் கேட்டேன்.

அன்ரி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல், "வெள்ளிக்கிழமை எல்லே பிள்ளை. எண்ணெய் வைச்சு முழுகிறது. தலைக்கு வைச்ச மிச்சத்தைக் கைகாலுக்குப் பூசுறது. அதோடை இண்டைக்கு ஒரு வெளியாள் காலைப் பாக்கப் போறா, வறண்ட காலைக் காட்டேலுமே? எல்லாரும் கொஞ்சம் கூடத்தான் பூசினவை" என்றார்.

எனக்காகப் பூசியிருக்கிறார்கள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டதைப் பார்த்து அவர் கத்தியைக் கீழே வைத்தார். உட்கார்ந்து விளக்கினேன். எண்ணெயின் முகடு புரதத்தின் முகடு நிற்கிற அதே இடத்தில்தான் எழும். கருவி இரண்டையும் சேர்த்துப் புரதம் என்று எண்ணிவிட்டது. புரதம் கூடியதால் தாதுச்சத்தின் பங்கு விழுந்துவிட்டது. மேல்தோலின் கணக்கைக் கழிக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. ஆனால் அது சாதாரணத் தோலுக்கு. எங்கள் ஆய்வகத்தில் கால் நீட்டியதெல்லாம் தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் எண்ணெயைத் தொடும் விடுதிப் பெண்கள். அவர்களுக்கு ஒரு துடைப்புப் போதும்.

"தேங்காய்ப்பூவை ரெண்டுதரம் எண்ணிப்போட்டுது" என்றார் அன்ரி. பிறகு கையைக் கழுவிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

அடுத்த அரைமணி நேரம் வெள்ளவத்தை முழுவதற்கும் உத்தரவு போனது. காலை வேளைக்கே வரவேண்டும். கால்களைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெய் கூடாது, கிரீம் கூடாது, தைலம் கூடவே கூடாது. ராணி அக்காவிடம், "நாளைக்கு முழுகாமல் வா" என்று சொல்லிவிட்டு அன்ரி தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். மறுமுனைச் சிரிப்பு எனக்கே கேட்டது. இந்த வயதில் முழுகாமல் இருக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லவா என்று கேட்டாராம். முழுகாமல் இருப்பது என்றால் பிள்ளை உண்டாகியிருப்பது.

சனிக்கிழமை ஏழு பேரும் வந்தார்கள். மினுமினுப்பு இல்லை. கால்கள் சவர்க்காரத்தில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பஞ்சை மாற்றி மாற்றித் துடைத்தோம். எண்ணெயின் கூர்முகடு திரையிலிருந்து முழுக்க மறைந்த பிறகுதான் அளந்தேன். ராணி அக்காவின் கோடு விழுந்தபோது நான் கிட்டத்தட்டக் கத்தியிருப்பேன். தாதுச்சத்து நேற்றைய இடத்திலிருந்து துள்ளி மேலே போய் நின்றது. அடுத்தவருக்கும் அப்படியே. அதற்கடுத்தவருக்கும். ரயில் வந்தது, நிறுத்தினோம், போனது, தொடர்ந்தோம்.

கடைசியாக மங்களம் அன்ரி. அவருடைய கோடு மட்டும் பெரிதாக உயரவில்லை.

மறுபடி துடைத்தேன். எண்ணெயின் அடையாளமே இல்லை. மற்றக் காலில் பார்த்தேன். அதே விடை. வில்லையை வைத்துப் பார்த்தேன், கருவி சரி. வரிசையில் அன்ரி கடைசி. அவருடைய எக்ஸ்ரே நல்லது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருக்கக் கூடாது, ஆனால் தெரியும். அவரை மேலே இரண்டாவது மூன்றாவதாகப் போட்டால் வரிசை அழகாகப் பொருந்தும், கருவி கொழும்பில் தங்கிவிடும். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒளி சொன்ன இடத்திலேயே எழுதினேன். கடைசி.

நிஸாம் நானா உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் போனோம். தர்ஷினிக்கு வேறு வேலை இருந்ததால், எனக்குத் துணையாகத் தானே வருவேன் என்று அன்ரி புறப்பட்டுவிட்டார். சனிக்கிழமைக் கூட்டத்தில் பெட்டிக்கு ஓர் இருக்கை பிடித்து, கேட்டவர்களிடமெல்லாம் சிங்களத்தில் ஏதோ சொல்லி எழுப்பாமல் பார்த்துக்கொண்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். நோயாளி என்று சொன்னாராம்.

முதலில் மருத்துவரிடம் எண்ணெய்க் கதையைச் சொன்னேன், இரண்டு நாள் கோடுகளையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். அவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். பிறகு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினார். ஒன்று, சரி. அடுத்தது, சரி. இடையில் ஓரிடம் மாறல், பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்தார். கடைசி வரியில் விரல் நின்றது. தன் தாளில் மேலே போய் அன்ரியின் எண்ணைத் தொட்டார். கீழே வந்தார். மறுபடி மேலே போனார். நான் மனதுக்குள் பெட்டியை மூடிப் பூட்டிவிட்டேன்.

"அம்மா, உங்கட கை எப்பிடி முறிஞ்சது எண்டு இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார் அவர்.

"விழேல்லை எண்டு போன வருசமே சொன்னனான். கதவைப் பிடிச்சனான், கை மடிஞ்சது. அவ்வளவுதான்."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். எக்ஸ்ரே எவ்வளவு தாது இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், அது என்ன கலவையில் இருக்கிறது என்று சொல்லாது என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. அடர்த்தி நன்றாக இருந்தும் எலும்பு முறிகிறவர்களை அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாராம்.

"ஒருத்தரை வைச்சு ஒண்டும் முடிவெடுக்கேலாது" என்று என்னிடம் சொன்னார். "இது தற்செயலாயும் இருக்கலாம். இவவுக்கு நான் வேற சோதனையள் செய்து பாக்கிறன். ஆனா இந்த வரியை எழுத உங்களுக்கு விருப்பமிருந்திருக்காது."

இருந்திருக்கவில்லை என்றேன்.

"மெசினை விட்டிட்டுப் போங்கோ."

நான் நன்றி சொல்லத் தொடங்கினேன். அன்ரி முந்திக்கொண்டார். "நான் வாயால சொன்னதை ஒருத்தரும் நம்பேல்லை. இந்தியாவிலயிருந்து ஒரு லைட் வந்து சொல்ல வேண்டிக் கிடக்கு" என்றார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மகளிடமும் அதையே சொன்னார், இரண்டு முறை. தர்ஷினி வாதாடவில்லை. அம்மாவின் வலது மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்குத் தேங்காய் துருவியது அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். வெற்றுப் பெட்டியோடு போவது வீண் என்று அன்ரி அதை இரவே என்னிடமிருந்து வாங்கி நிரப்பி வைத்திருந்தார். நான் திறந்து பார்க்கவில்லை. வாசலில் என் தலையைத் தடவிவிட்டு, முடி வைக்கோல் மாதிரிக் கிடக்கிறது என்றார்.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். கறுப்பு நுரைமெத்தையில் கருவியின் வடிவத்தில் பள்ளம். அதில் பிளாஸ்டிக் பையில் மூன்று சுற்றுச் சுற்றிய ஒரு பெரிய போத்தல், இடுக்குகளில் அசையாமல் இருக்க வறுத்த மிளகாய்த்தூள் பொட்டலங்கள். மூடியின் உள்பக்கம் எங்கள் ஆய்வகத்தின் அட்டை: உடையக்கூடிய ஒளியியல் கருவி.

கருவி எங்கே என்று கேட்டார் அதிகாரி. கொழும்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது என்றேன்.

அப்படியானால் இது என்ன?

"நல்லெண்ணெய் சார். வெள்ளிக்கிழமைக்கு."